வீட்டுப் பக்கத்துச் சுனையைத் தேடிப் போவது எப்படி

மதுரைக்காரர்களிடம் சுனை என்று பேச்செடுத்தால் உடனே அழகர்மலை நூபுர கங்கையைத்தான் சொல்வார்கள். சரிதான், அதைவிடப் பேர் பெற்ற ஊற்று இந்தப் பக்கம் கிடையாது. நான் சொல்லப்போவது அதைவிடச் சின்ன வேலை. உங்கள் வீட்டிலிருந்து வண்டியில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஒரு சுனையைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த ஒரே சுனைக்கு ஒரு வருடம் முழுக்க, மாதம் ஒரு தடவையாவது, போய் வாருங்கள். பத்து சுனையை ஒரு தடவை பார்ப்பதைவிட ஒரு சுனையைப் பத்து தடவை பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் இதை ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன வருடம் அது. அந்த வருடம் நான் போகாத கோயில் இல்லை, நேராத நேர்த்திக்கடன் இல்லை. அம்மா பிழைத்து வந்துவிட்டார், அப்புறம் ஒவ்வொரு கடனாக நிறைவேற்றினேன். எல்லாம் முடிந்தபின் சன்னிதியில் போய் நின்றால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. எனக்குக் கேட்கத் தெரிந்திருந்தது, சும்மா நிற்கத் தெரியவில்லை. அப்படி ஒரு நாள், கோயிலுக்கென்று கிளம்பியவன் பாதியில் வண்டியைத் திருப்பி, சின்ன வயதில் பார்த்த ஒரு கரட்டுப் பக்கம் போனேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தாவிடம் பேச்சுக் கொடுத்ததில்தான் என் சுனை கிடைத்தது. அது எந்த ஊர் என்று மட்டும் இங்கே சொல்ல மாட்டேன், ரீல்ஸ் எடுக்கக் கூட்டம் வந்தால் அது தாங்காது. உங்களுக்கானதை நீங்களே தேடிக்கொள்ளலாம், அதற்கான வழியைத்தான் எழுதுகிறேன்.

முதலில் யாரிடம் விசாரிப்பது? ஆடு மாடு மேய்ப்பவர்களிடம். டீக்கடையில் கேட்டால் பஞ்சாயத்து போர்வெல்லைக் காட்டுவார்கள். அதோடு, "இங்க சுனை இருக்கா" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற பாறைக்குழி எல்லாமே ஊர்க்காரர்களுக்குச் சுனைதான். "சித்திரையில ஆட்டுக்கு எங்க தண்ணி காட்டுவீங்க" என்று கேளுங்கள். அந்த ஆத்தா கையை நீட்டி, "மேல கன்னிமார் பாறைக்கு ஏத்திருவேன்" என்றார். வெயில்காலத்திலும் ஆடு தேடிப் போகிற தண்ணீர் என்றால் அது அடியிலிருந்து ஊறுகிற தண்ணீராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அடுத்த அடையாளம் சாமி. என் சுனைக்குப் பக்கத்தில் ஏழு கல் நட்டு மஞ்சள் பூசியிருக்கிறது, அவ்வளவுதான் கோயில். நம் பக்கத்தில் தண்ணீர் ஊறும் இடங்களுக்குக் காவல் பெரும்பாலும் பெண் தெய்வம்தான் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நூபுர கங்கையில் ராக்காயி. கீழக்குயில்குடி சமணமலையில், தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கும் இடத்துக்கே பேச்சிப்பள்ளம் என்று பெயர், அங்கும் ஒரு சுனை உண்டு. ஊருக்கு ஊர் ஏரிக்கரையிலும் ஓடைக்கரையிலும் ஏழு கன்னிமார். ஆகவே மலையடிவாரத்தில் தனியாக ஒரு அம்மன் இருந்தால், அவள் எந்தத் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று சுற்றிப் பாருங்கள்.

சமணர் படுக்கைகள் இன்னொரு துப்பு. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு என்று மதுரையைச் சுற்றி இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கும் குகைத்தளங்கள் பல உண்டு. துறவிகள் மாதக்கணக்கில் தங்க வேண்டுமென்றால் தண்ணீர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். படுக்கை வெட்டிய இடத்திலிருந்து சுற்றுமுற்றும் நடந்தால் சுனையோ, ஒரு காலத்தில் சுனையாக இருந்த பள்ளமோ கண்ணில் படும். மேலூருக்கு அந்தப் பக்கம் கருங்காலக்குடி அருகில் திருச்சுனை என்றே ஓர் ஊர் இருக்கிறது, ஊர்ப்பெயரும் துப்புதான்.

கண்டுபிடித்தாயிற்று. இது மழைத் தண்ணீர் தேங்கிய குழியா, ஊறுகிற சுனையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். இந்தப் பக்கத்து மலைகள் கெட்டிப் பாறை, கிரானைட்டும், வரிவரியாக இருக்கும் நைஸ் (gneiss) பாறையும். பாறை தானாகத் தண்ணீரை உறிஞ்சாது, விரிசல் வழியாகத்தான் உள்ளே விடும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை மேலே இருக்கும் மண்ணிலும் சருகிலும் வேரிலும் ஊறி, விரிசலுக்குள் மெதுவாக இறங்கி, கீழே விரிசல் இல்லாத பாறை தடுக்கிற இடத்தில் பக்கவாட்டில் நகர்ந்து, மலைச்சரிவு வெட்டுகிற இடத்தில் வெளியே எட்டிப் பார்க்கிறது. மேலே மண்ணும் மரமும் இருந்தால் அது மாதக்கணக்கில் தாங்கும், மொட்டைப் பாறையாக இருந்தால் தை மாதத்தோடு தீர்ந்துவிடும். சுனையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சுனையை மட்டும் பார்த்துப் பிரயோசனம் இல்லை, அதற்கு மேலே இருக்கும் காட்டைப் பார்க்க வேண்டும்.

இப்போது சோதனை. மார்கழி விடியற்காலையில் போய்க் கையை உள்ளே விடுங்கள். வெளிக்காற்று நடுக்கும், தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். அதே தண்ணீர் சித்திரை மதியத்தில் கைக்கு ஜில்லென்று இருக்கும். பூமிக்குள்ளிருந்து வருகிற தண்ணீரின் சூடு வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், மாறுவது நம் தோலுக்கு வெளியே இருக்கிற காற்றுதான். முதல் மார்கழியில் அந்த வெதுவெதுப்பு கையில் பட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காரணம் தெரிந்தும் சிலிர்த்தது, இன்னும் ஒவ்வொரு மார்கழியும் சிலிர்க்கிறது.

இன்னொன்று, ஊற்றுக்கண் அருகில் சில சமயம் செந்நிறச் சேறும் தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் போல ஒரு மினுமினுப்பும் இருக்கும். யாரோ பெட்ரோல் ஊற்றிவிட்டார்கள் என்று பயப்படாதீர்கள். ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். அப்பளம் உடைவதுபோலத் துண்டு துண்டாக உடைந்தால் அது இரும்பை உண்டு வாழும் பாக்டீரியா, பாறைக்குள்ளிருந்து இரும்பைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். நிஜ எண்ணெய் என்றால் உடையாது, குச்சியை எடுத்ததும் மறுபடி கூடிக்கொள்ளும். பெரணிச் செடி, காயாத பாசி, நாவல் மரம், பங்குனியிலும் பறக்கிற தட்டான்கள், இவையெல்லாம்கூட நல்ல அறிகுறிகள்.

போகிற நேரம் காலை ஆறு முதல் ஒன்பது. தனியாகப் போகாதீர்கள், போனாலும் எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். சென்ட் அடித்துக்கொண்டு போக வேண்டாம், பாறைச் சரிவுகளில் மலைத்தேன் கூடு தொங்கும், புகையும் வாசனையும் அதைக் கிளப்பிவிடும். பாசிப் பாறையில் செருப்போடு ஏறுவதைவிட வெறுங்காலே பிடிமானம், அது சாமி இடத்துக்கும் மரியாதை. சுனைக்குள் இறங்கிக் குளிக்கவே கூடாது. விளிம்பு செங்குத்தாக, வழுக்கலாக இருக்கும், ஆழம் தெரியாது, நீச்சல் தெரிந்தவரும் ஏறி வர முடியாமல் போகலாம். அழகர்மலை போன்ற இடங்கள் காப்புக்காடு, பாதையை விட்டு உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும்.

குடிக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கண்ணாடி மாதிரி இருக்கிறது என்பதற்காகக் குடித்துவிடாதீர்கள். மேலே ஆடு, குரங்கு, எலி எல்லாம் நடமாடுகிற இடம். வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் கண்ணுக்குத் தெரியாமல்தான் தண்ணீரில் இருக்கும். தீர்த்தமாக எடுத்துக்கொள்ள ஆசையாக இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். கொதிக்கவைத்தால் தீர்த்தம் தீர்த்தமாக இருக்காது என்று என்னிடம் சிலர் சொன்னதுண்டு. அந்தத் தண்ணீரைக் கும்பிட்டுவிட்டு அதனாலேயே படுக்கையில் விழுவதை எந்தச் சாமியும் விரும்பாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, போய்விட்டீர்கள், பார்த்துவிட்டீர்கள். அதற்கப்புறம் என்ன செய்வது என்பதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

ஒன்றும் செய்யாமல் இருபது நிமிடம் உட்காருங்கள். போனைப் பையில் போட்டுவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் வீட்டு ஞாபகம், கடன், ஆபீஸ் எல்லாம் வரும், வரட்டும். அப்புறம் சத்தம் காதில் விழ ஆரம்பிக்கும். முதல் கோடையில் என் சுனையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கி, விளிம்பில் வெள்ளைக் கோடு கோடாகப் பழைய மட்டங்கள் தெரிந்தன. ஊறுவது நின்றுவிட்டது என்று நினைத்து எழுந்திருக்கப் போனேன். "டொப்" என்று ஒரு சத்தம். பாறையிடுக்கில் கட்டைவிரல் அகலத்துக்குப் பாசி, அதன் நுனியில் ஒரு சொட்டு உருண்டு, கனத்து, நீண்டு, விழுந்தது. அடுத்தது எப்போது என்று எண்ணினேன். பதினொன்று எண்ணி முடித்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும் பதினொன்று. போன கார்த்திகையில் பெய்த மழை, நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பெய்த அதே மழை, ஐந்தாறு மாதம் இருட்டில் நடந்து இப்போதுதான் வெளியே வருகிறது என்று தோன்றியது. அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. கும்பிட்டேனா என்றால், ஆமாம், அதுதான் கும்பிடுவது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

அழகர்மலைச் சுனைகளைப் பற்றிச் சிலப்பதிகாரத்தில் ஓர் இடம் வருகிறது, சுனைக்குப் போகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மதுரைக்கு வரும் வழியில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மாங்காட்டு மறையவர் ஒருவரைச் சந்திக்கிறார்கள். அவர் மூன்று வழிகளைச் சொல்கிறார். இடப்பக்க வழியில் போனால் திருமால்குன்றம், அதாவது அழகர்மலை, அங்கே ஒரு பிலம் (குகை), அதில் மூன்று பொய்கைகள். புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் இந்திரன் செய்த இலக்கண நூலின் அறிவு வரும், பவகாரணியில் மூழ்கினால் முற்பிறப்பு தெரியும், இட்டசித்தியில் மூழ்கினால் நினைத்ததெல்லாம் கிடைக்கும் என்கிறார். சமணத் துறவியான கவுந்தியடிகள் அதற்கு மறுப்புச் சொல்கிறார். பிலத்துக்குள் போக வேண்டிய தேவையே இல்லை, உண்மை தவறாமல் உயிர்களைக் காப்பவர்களுக்குக் கிடைக்காத பொருள் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். அப்புறம் அவர்கள் நடுவழியில் நடக்கிறார்கள்.

நான் இதைப் படித்து ரொம்ப நாள் யோசித்தேன். மறையவர் சொன்னதுபோல நினைத்ததைத் தரும் தண்ணீரைத் தேடித்தான் நானும் அலைந்திருக்கிறேன். ஆனால் கவுந்தி சொன்னதும் சுனைக்கரையிலேயே செய்யக்கூடிய காரியம்தான். அந்தத் தண்ணீரில் தவளை இருக்கிறது, ஆடு குடிக்கிறது, தேனீ வருகிறது. உயிர்களைக் காப்பது என்றால் அங்கே ரொம்ப எளிது. சோப்புப் போடாமல் இருப்பது, ஷாம்பு பாக்கெட்டைப் பொறுக்குவது. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குப்பை கொண்டு போங்கள். தீர்த்தமாடும் இடங்களில் பழைய துணியைக் கழற்றி விட்டுவிட்டு வரும் பழக்கம் இருக்கிறதல்லவா, அந்தத் துணிதான் ஊற்றுக்கண்ணை அடைக்கிறது. திருப்பரங்குன்றம் மலைமேல் காசி விஸ்வநாதர் கோயில் சுனையில் மீன்களை மச்சமுனி சித்தராக நினைத்துத் தயிர் போடுகிறார்கள், உப்பும் மிளகும் நேர்ந்து போடுகிறார்கள். அன்போடு செய்கிற காரியம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அது சின்னத் தண்ணீர், ஒரு சிட்டிகையோடு நிறுத்திக்கொண்டால் மீனுக்கும் நல்லது.

நூபுர கங்கைக்கும் ஒரு நாள் கட்டாயம் போய் வாருங்கள். திருமால் உலகளந்தபோது அவர் காற்சிலம்பில் பட்டுத் தெறித்த தண்ணீர் என்பது ஐதீகம், சிலம்பாறு என்ற பெயரும் அதனால்தான். கீழே கோயிலில் அழகருக்குத் திருமஞ்சனம் இந்தத் தண்ணீரில்தான், வேறு தண்ணீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்று நம்புகிறார்கள். ஐப்பசியில் தைலக்காப்பு என்ற எண்ணெய்க்காப்பு விழாவுக்கு அழகரே மலையேறி ராக்காயி சன்னிதிப் பக்கம் வந்து நீராடிவிட்டுப் போவார். அன்றைக்கு மட்டும் சாமி தண்ணீரைத் தன்னிடம் வரவழைக்காமல், தண்ணீர் இருக்கும் இடத்துக்குத் தானே போகிறார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது.

மற்றவர்களின் தண்ணீரையும் கவனியுங்கள், நம் நம்பிக்கை அதனால் குறையாது. பக்கத்து வீட்டு பாய் ஹஜ் போய் வந்தபோது சின்ன பாட்டிலில் ஜம்ஜம் தண்ணீர் கொடுத்தார். பாலைவனத்தில் குழந்தைக்குத் தண்ணீர் தேடி இரண்டு குன்றுக்கு நடுவே ஏழு தடவை ஓடிய தாய்க்குக் கிடைத்த ஊற்று என்று சொல்லிக்கொண்டே, நின்றபடி, பிஸ்மில்லா சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கற்றுக்கொடுத்தார். சென்னைக்காரர்கள் சைதாப்பேட்டை சின்னமலைக்குப் போய்ப் பாருங்கள், அங்கே பாறையிடுக்கில் ஓர் ஊற்று இருக்கிறது, புனித தோமா தாகத்தோடு வந்தவர்களுக்காகப் பாறையில் வரவழைத்தது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை.

ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள், சின்னதாக இருந்தால் போதும். தேதி, கடைசியாக மழை பெய்த நாள், தண்ணீர் மட்டம், பார்த்த உயிர்கள். கசிவு ஒழுகி விழுகிற இடம் இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று எழுதுங்கள். 40 வினாடி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 90 லிட்டர். இந்தக் கணக்கு ஒரு நாள் ஊருக்கே உதவலாம். அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். ஏழு மலை, எழுபதுக்கு மேல் ஏரி குளம், இருநூறு சுனை என்று எண்ணிச் சொல்லக்கூடிய இடம் அது, 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 கடைசியில் அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. சுனையை எண்ணி வைத்திருப்பவர்களால்தான் "எங்களுக்கு என்ன போகும்" என்று சொல்ல முடியும்.

அம்மாவால் கரட்டில் ஏற முடியாது. போன தை மாதம் அடிவாரம் வரைக்கும் ஆட்டோவில் கூட்டிப் போய், புளியமர நிழலில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் ஏறினேன். கன்னிமாருக்குக் கொடுக்கச் சொல்லி மஞ்சளும் பூவும் கொடுத்துவிட்டார். திரும்பும்போது செம்பில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டு கையாலும் வாங்கி, விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிச்சத்தைப் புளியமரத்து வேரில் ஊற்றினார். நான் நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்ததும் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"இன்னைக்கு எத்தனையில நெறைஞ்சுச்சு?"

"முப்பத்தாறும்மா."

"போன தடவை நாப்பதுல்ல?" என்றார்.